பதினான்கு பரிசோதனைகளும் ஒரு கறுத்த பொருக்கும்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உசிலம்பட்டிப் பக்கம் கடலை பறிக்கப் போய்வந்த அம்மாவுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டியிருக்கிறீர்கள். அங்கிருந்த மருத்துவர் இரண்டு நிமிடம்கூடப் பார்க்காமல் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார். எட்டாம் நாள் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை, 14 பரிசோதனைகள், 9,400 ரூபாய். ஸ்க்ரப் டைபஸ் (புதர்களில் இருக்கும் உண்ணிக்குஞ்சு கடித்து வரும் காய்ச்சல்) என்று முடிவு வந்தது, அதற்கான டாக்சிசைக்ளின் மாத்திரை ஆரம்பித்த இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. "சம்பளம் எப்படியும் வந்துவிடும் என்று முதல் டாக்டர் அலட்சியமாக இருந்தார், கமிஷனுக்காக இரண்டாம் டாக்டர் எழுதித் தள்ளினார். எல்லோருக்கும் மாதச் சம்பளம் என்று ஆக்கிவிட்டால் இது தீருமா?" என்று முடித்திருக்கிறீர்கள். ஆக, ஒரு மருத்துவருக்குப் பணம் எந்த வழியாக வருகிறதோ அந்த வழி அவர் நோயைத் தேடும் விதத்தையும் மாற்றிவிடுமா என்பதுதான் உங்கள் கேள்வி.

மாற்றும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. எவ்வளவு மாற்றும், எந்தத் திசையில் மாற்றும் என்பதில்தான் நீங்கள் நினைப்பதைவிடச் சிக்கல் அதிகம். நான் பொருளாதாரம் படித்தவன் அல்ல, பொது மருத்துவன். மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்து, ஆறு வருடம் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பிறகு நெடுங்காலம் மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரியிலும் வேலை பார்த்தேன். மாலை வேளைகளில் சொந்தமாக ஒரு சிறிய கிளினிக். ஓய்வு பெற்ற பிறகு நான்கு வருடம் ஒரு தனியார் மருத்துவமனை. அரசுச் சம்பளம், சீட்டுக்கு இவ்வளவு என்ற ஃபீஸ், தனியார் மருத்துவமனைச் சம்பளம் என்று மூன்று விதமாகவும் பணம் வாங்கிப் பார்த்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்காகக் கொஞ்சம் பேச வேண்டும். நான் இருந்த நிலையத்தில் திங்கட்கிழமை என்றால் 180 ஓ.பி. சீட்டு விழும். காலை வேலை நான்கு மணி நேரம். வகுத்துப் பாருங்கள், ஓர் ஆளுக்கு 80 வினாடி. அதற்குள் பெயர் கேட்டு, நாக்கை நீட்டச் சொல்லி, சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். 180 பேரைப் பார்த்தாலும் 60 பேரைப் பார்த்தாலும் முதல் தேதி வரும் சம்பளம் ஒன்றுதான். தேவையில்லாத பரிசோதனை எழுத அந்தச் சம்பளம் தூண்டாது. நின்று நிதானமாகப் பார்க்கவும் அது தூண்டாது. இன்னொன்று, மூன்றாம் நாளில் ஸ்க்ரப் டைபஸுக்கான இரத்தப் பரிசோதனை எடுத்திருந்தாலும் அநேகமாக 'இல்லை' என்றுதான் வந்திருக்கும். வழக்கமாகச் செய்யப்படும், நோயை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். பரிசோதனை ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத்தான் நம்பகமாகக் காட்டும். எனவே பரிசோதனை எழுதாதது அவர் குற்றம் ஆகாது. என்ன வேலைக்குப் போனீர்கள், காட்டிலா தோட்டத்திலா என்று கேட்காததும், காய்ச்சல் ஐந்தாம் நாளும் விடாவிட்டால் திரும்பி வாருங்கள் என்று சொல்லாததும்தான் குறை. அந்த இரண்டுக்கும் பத்து வினாடி போதும்.

அந்தப் பத்து வினாடியை நானும் பல நாள் கொடுத்ததில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாகத் தொழில் செய்ய அனுமதி உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரியில் எவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க நேரமில்லாத அதே நான், மாலையில் கிளினிக்கில் உட்கார்ந்தால், வந்தவரின் மகளுக்கு வரன் அமைந்துவிட்டதா என்பதுவரை விசாரிப்பேன். அது என் ஒருவனின் பாவம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். 2016-இல் வெளியான ஓர் ஆய்வைப் படித்த பிறகுதான் கொஞ்சம் ஆறுதல், கொஞ்சம் வெட்கம். மத்தியப் பிரதேசத்துக் கிராமங்களில், நோயாளிபோல நடிக்கப் பயிற்சி பெற்ற ஆட்களை மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். ஒரே மருத்துவரிடம் அவருடைய அரசு நிலையத்துக்கும் போனார்கள், சொந்த கிளினிக்குக்கும் போனார்கள். சொந்த கிளினிக்கில் அவர் கேட்க வேண்டியதைக் கூடுதலாகக் கேட்டார், சரியான சிகிச்சையையும் கூடுதலாகக் கொடுத்தார். படிப்பும் மூளையும் ஒன்றுதான், உட்கார்ந்த நாற்காலிதான் வேறு. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. ஃபீஸ் கூடக்கூடச் சரியான சிகிச்சை கூடியதுபோலத் தேவையில்லாத சிகிச்சையும் சேர்ந்தே கூடியது. முன்பாதியை மட்டும் படித்துவிட்டுத் தனியார் மயமே தீர்வு என்று கிளம்புகிறவர்கள் பின்பாதியையும் படிக்க வேண்டும்.

இனி கமிஷன். அது இருக்கிறது. இல்லை என்று மறைத்தால் இதற்கு மேல் நான் எழுதுவதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. என் கிளினிக் திறந்த இரண்டாம் மாதமே ஒரு பரிசோதனைக் கூடத்தின் ஆள் இனிப்புப் பெட்டியோடு வந்தார். பெட்டிக்கு அடியில் ஒரு கவர். உள்ளே பணமும், நான் அந்த மாதம் அனுப்பியிருந்த நோயாளிகளின் பெயர்ப் பட்டியலும், ஒவ்வொரு பெயருக்கு நேரே எனக்கு 'உரிய' தொகையும். கணக்கு அவ்வளவு சுத்தம். மருத்துவருக்கு அனுப்பிய வகையில் கொடுக்கும் பங்கை நோயாளியின் பில்லிலிருந்துதான் எடுக்க முடியும், வேறெங்கிருந்தும் வராது. நோயாளியை அனுப்புவதற்காகக் கமிஷன் வாங்குவதையும் கொடுப்பதையும் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் வெளிப்படையாகத் தடுக்கின்றன. விதி இருக்கிறது, கவரும் இருக்கிறது. நான் திருப்பிக் கொடுத்தேன் என்பதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எனக்கு அரசுச் சம்பளம் இருந்தது, வீடு சொந்த வீடு. கடன் வாங்கி ஸ்கேன் கருவி போட்ட இளம் மருத்துவருக்கு அந்த வசதி இல்லை.

ஸ்கேன் கருவி சொந்தமாக வைத்திருப்பது கவரைவிடப் பலமான தூண்டுதல். 1990-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு இதில் புகழ்பெற்றது. ஒரே மாதிரியான உபாதைகளோடு வந்தவர்களுக்கு, தங்கள் இடத்திலேயே படம் எடுத்த மருத்துவர்கள், வெளியே கதிரியக்க மருத்துவரிடம் அனுப்பியவர்களைவிட நான்கு மடங்குக்குக் குறையாமல் படம் எடுத்திருந்தார்கள். தங்களுக்குப் பங்குள்ள பரிசோதனைக் கூடங்களுக்கு மருத்துவர்கள் நோயாளிகளை அனுப்புவதைக் கட்டுப்படுத்தி 1989-இல் அங்கே ஒரு சட்டம் வந்ததும் இப்படிப்பட்ட கவலையால்தான். ஆனால் அந்த ஆய்வு எண்ணியது படங்களை. கூடுதலாக எடுத்தவற்றில் எத்தனை வீண், வெளியே அனுப்பியவர்கள் எடுக்காமல் விட்டவற்றில் எத்தனை தேவையானவை என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. அந்த நான்கு மடங்கை அப்படியே தூக்கி மதுரையில் வைக்கவும் முடியாது.

ஓய்வுக்குப் பின் நான் போன மருத்துவமனையில் எனக்கு 'மாதச் சம்பளம்' என்றுதான் பேச்சு. மூன்று மாதம் கழித்து நிர்வாகத்திலிருந்து ஒரு பையன் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தான். மிக மரியாதையான பையன். "சார், உங்கள் ஓ.பி. நன்றாக இருக்கிறது, ஆனால் லேப் கொஞ்சம் குறைவாகத் தெரிகிறது" என்றான். திரையில் என் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள், அடுத்த அறை மருத்துவரின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள். வேறு எதுவும் சொல்லவில்லை, காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டான். அதற்கடுத்த வாரம் சாதாரணச் சளிக்கு வந்த ஒருவருக்கு எக்ஸ்ரே எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதினேனா இல்லையா என்பது இப்போது முக்கியமில்லை. பேனாவை எடுத்தேன். எனவே 'எல்லோருக்கும் மாதச் சம்பளம்' என்று நீங்கள் சொல்லும்போது, சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள், எதை எண்ணிப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்று அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

அங்கேதான் உங்கள் அம்மாவின் நோயோடு நேரடித் தொடர்புள்ள ஒன்று நடந்தது. ஒரு கார்த்திகை மாதம், மேலூர்ப் பக்கத்திலிருந்து ஆறு நாள் காய்ச்சலோடு ஒரு பெண்மணி. கையில் இரண்டு பரிசோதனைக் கூடங்களின் ரிப்போர்ட்டுகள், ஒரு பிளாஸ்டிக் பை நிறைய. டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டுக்கான வைடால் பரிசோதனை மட்டும் லேசாக ஏறியிருந்ததால் டைபாய்டு என்று ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். சிஸ்டரைக் கூப்பிட்டுத் திரையை இழுத்துவிட்டு, அக்குள், இடுப்பு மடிப்பு, காதின் பின்புறம் என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தோம். இடது மார்பின் அடி மடிப்பில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு. சுற்றிலும் சிவப்பு. அந்தப் பெண்மணிக்கே அது இருப்பது தெரியாது, ஏனென்றால் அது வலிக்காது, அரிக்காது. செடி புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்குஞ்சு கடித்த இடம் அது. எல்லா நோயாளிகளிடமும் அது இருக்காது. அதனால் காணவில்லை என்றால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கண்ணில் பட்டுவிட்டால், எங்கள் பக்கத்துக் காய்ச்சலில், நோய் அநேகமாகப் பிடிபட்டுவிட்டது. அதற்கு ஆன நேரம் நான்கு நிமிடம் இருக்கும். மறுநாள் அவர்களுடைய பில்லைப் பார்த்தேன். ஊசிக்கு ஒரு வரி, கையுறைக்கு ஒரு வரி, பஞ்சுக்குக்கூட ஒரு வரி. அந்த நான்கு நிமிடத்துக்கு வரி இல்லை. இருக்கவும் முடியாது.

எனக்குத் தெரிந்தவரை எல்லாப் பண முறைகளிலும் உள்ள ஓட்டை இதுதான். எண்ணக் கூடியதற்குத்தான் பணம் கொடுக்க முடியும். சீட்டை எண்ணலாம், ஸ்கேனை எண்ணலாம், படுக்கை நாளை எண்ணலாம், பணிக்கு வந்த நாளை எண்ணலாம். மருத்துவர் யோசித்தாரா, துணியை விலக்கிப் பார்த்தாரா, மூன்றாவது கேள்வியைக் கேட்டாரா என்பதை அறைக்கு வெளியே இருக்கும் யாராலும் எண்ண முடியாது. கிளினிக்கில் நான் வாங்கிய ஃபீஸ்கூட அதற்கானது இல்லை. இரண்டு நிமிடம் பார்த்தாலும் இருபது நிமிடம் பார்த்தாலும் அதே ஃபீஸ்தான். வாசலில் ஆள் காத்திருந்தால் இரண்டு நிமிடம்தான் லாபம்.

காப்பீட்டுத் திட்டத்தில் பேக்கேஜ் முறை இருக்கிறதே, அது இதைச் சரி செய்யாதா என்று நீங்கள் கேட்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. ஒரு சிகிச்சைக்கு மொத்தமாக இவ்வளவு என்று தொகை. அப்போது கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு பரிசோதனையும் மருத்துவமனைக்குச் செலவாகிவிடுகிறது. எனவே உள்ளே சேர்த்த பிறகு பரிசோதனைகள் குறையும். நான் கண்ணால் கண்ட வரையில் அவை மறைந்துபோவதில்லை, இடம் மாறுகின்றன. 'அனுமதி கிடைக்க ரிப்போர்ட் வேண்டும், வெளியே எடுத்து வாருங்கள்' என்று நோயாளியின் சட்டைப்பைக்குப் போய்விடுகின்றன. அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டில் 1983-இல் இதே மாதிரி நோய்க்கு இவ்வளவு என்ற முறை வந்தபோதும், மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்தன, வேலை வெளிநோயாளிப் பிரிவுக்கு நகர்ந்தது. கூடுதல் தொகை கிடைக்கும் நோயின் பெயரை எழுதும் சாமர்த்தியமும் வளர்ந்தது. தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுக்கு ஒரு தொகை கொடுக்கும் முறையும் உண்டு. தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. காப்பீட்டில் மகாராஷ்டிரம், மேற்கு வங்கம் போன்ற இடங்களில் பட்டியல் மருத்துவர்களுக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். அதில் நோயாளி வராமல் இருந்தால்தான் லாபம். நல்லவர் கையில் அது நோய்த் தடுப்பாக மாறும், சோம்பேறி கையில் 'பெரிய டாக்டரிடம் போங்கள்' என்ற சீட்டாக மாறும்.

பரிசோதனை எழுதுவதெல்லாம் காசுக்காக என்று எண்ணிவிடாதீர்கள். நான் கண்டவற்றில் மிக அதிகமாகப் பரிசோதனை எழுதியவர்கள், அதனால் ஒரு பைசாகூடக் கிடைக்காத, பெரியாஸ்பத்திரியின் பயிற்சி மருத்துவர்கள். காலை ரவுண்ட்ஸில் சீஃப் "சோடியம் எங்கே?" என்று கேட்டுவிட்டால் மானம் போய்விடும் என்பதற்காக எல்லாவற்றையும் இரவே எழுதி வைத்துவிடுவார்கள். நானும் எழுதினேன். பிறகு வழக்குப் பயம். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, 'எழுதியிருந்தால் தப்பித்திருக்கலாம்' என்ற நினைப்பு எல்லோர் தலையிலும் ஏறிக்கொண்டது. தீர்ப்பைக் குறை சொல்லவில்லை, அது வரவேண்டியதுதான். கடைசியாக நோயாளிகள். நான்கு நிமிடம் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினால், "ஒரு ஸ்கேன்கூட எடுக்கவில்லை, என்ன டாக்டர்?" என்று வாசலிலேயே பேசிக்கொண்டு போவார்கள். அவர்கள் அடுத்த தடவை எந்த வாசலுக்குப் போனார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது உங்கள் 14. நீங்கள் பட்டியலை எழுதியிருப்பதால் சொல்ல முடிகிறது, ஆனால் அன்றைக்கு உங்கள் அம்மாவைப் பார்த்தவன் நான் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். இரத்த அணுக்களின் எண்ணிக்கை, கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை, சிறுநீர், மலேரியா, டெங்கு, ஸ்க்ரப், பிளட் கல்ச்சர் (இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது), மார்பு எக்ஸ்ரே இந்த ஒன்பதும் எட்டு நாள் காய்ச்சலுக்கு நியாயமானவை. ஸ்க்ரப் டைபஸ் கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல் எல்லாவற்றையும் தொடக்கூடியது, தட்டணுக்களைக் குறைக்கக்கூடியது. நானாக இருந்தாலும் அநேகமாக இவற்றை எழுதியிருப்பேன். வைடால் பழக்கத்தால் எழுதுவது. நம் ஊரில் ஒரே ஒரு வைடாலை வைத்து டைபாய்டு என்று சொல்வது ஆபத்து, அதற்கு பிளட் கல்ச்சர்தான் சரி. மீதி நான்கு: தைராய்டு, வைட்டமின் டி, கொழுப்பு, மூன்று மாதச் சர்க்கரை. உங்கள் அம்மாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை இருந்தால் கடைசிக்கு ஒரு காரணம் சொல்லலாம். மற்ற மூன்றுக்கும் காய்ச்சலுக்கும் எந்தச் சம்பந்தத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. கமிஷனா, மொத்தமாக டிக் செய்யும் அச்சடித்த தாளா, நிர்வாகத்துப் பையனின் திரையா என்பதை பில்லைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த நான்கில் பணம் மட்டும்தான் நஷ்டம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான பரிசோதனைகளில் 'இயல்பு அளவு' என்று அச்சடித்திருப்பது, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் எல்லை. அதாவது உடம்பில் ஒன்றுமே இல்லாதவருக்கும் இருபதில் ஒரு தடவை எண் எல்லைக்கு வெளியே நிற்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 14 அளவுகள் பார்த்தால், நல்ல உடம்புக்காரருக்கே ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 20 பார்த்தால் 64 சதவீதம். அந்தத் தடித்த எழுத்தை விரட்டிக்கொண்டு அடுத்த பரிசோதனை, அதற்கடுத்த மருத்துவர் என்று போன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

சம்பள முறை எங்கேயும் வேலை செய்யவில்லையா என்றால், நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையில் மருத்துவர்களுக்குச் சம்பளம்தான். பணம் கட்டுகிறவரையும் இலவசமாக வருகிறவரையும் அதே மருத்துவர்கள்தான் மாறி மாறிப் பார்க்கிறார்கள். மருத்துவர் கைக்கு வருவதற்கு முன்னால் பார்வைப் பரிசோதனை, அழுத்தம் எல்லாம் பயிற்சி பெற்ற பெண்கள் முடித்துவிடுகிறார்கள். அங்கே சம்பளம் நன்றாக வேலை செய்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கண்புரை, கருவியில் பார்த்தால் தெரிந்துவிடும் நோய். முன்னேற்பாடாக வரிசைப்படுத்த முடிகிற வேலை. எட்டு நாள் காய்ச்சல் அப்படி வரிசையில் நிற்காது. கண்ணுக்குப் பொருந்திய ஏற்பாடு காய்ச்சலுக்கும் பொருந்தும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என் அனுபவத்தில், சம்பளத்தோடு ஒரு மருத்துவருக்கு நாளைக்கு 180-க்குப் பதில் 60 பேர் என்று ஆக்கினால் நிறைய மாறும். அதற்குக் கூடுதல் மருத்துவர்கள் வேண்டும், அதற்கு வரிப்பணம் வேண்டும்.

அதுவரை உங்களுக்கு உதவக்கூடியது: அடுத்த தடவை வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், உள்ளே போனதும் இது எத்தனையாம் நாள், என்ன வேலைக்கு எந்தக் காட்டுக்குப் போனார், வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்ற மூன்றையும் மருத்துவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள். பரிசோதனை எழுதினால், "இதில் எதையாவது இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் போதுமா, டாக்டர்?" என்று பணிவாகக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் கோபிக்கிறவர்கள் குறைவு. மாத்திரையைச் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் கொடுங்கள், காய்ச்சல் விட்டுவிட்டது என்று பாதியில் விட வேண்டாம். பிறகு டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, முதல் பக்கத்தில் உடல் பரிசோதனை என்ற பகுதியில் 'எஸ்கார்' என்று ஒரு சொல் இருக்கிறதா பாருங்கள். அதுதான் அந்தக் கறுத்த பொருக்கின் பெயர். 'இருந்தது' என்றோ, 'தேடிப் பார்த்தோம், இல்லை' என்றோ எழுதியிருந்தால், தைராய்டுக்கு நீங்கள் கட்டிய பணம் எப்படிப் போனாலும், அந்த மருத்துவர் உங்கள் அம்மாவைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அந்தச் சொல்லே இல்லை என்றால், அம்மாவின் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் ஆறிய தழும்பு ஏதாவது இருக்கிறதா என்று உங்கள் சகோதரியை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன இருந்தது என்று இங்கேயே எழுதினால் நானும் தெரிந்துகொள்வேன்.